கோடை விடுமுறைக்கு என்ன படிக்கலாம்? இந்த ஒருவரைக் கேட்டுப் பாருங்கள்!

[திரையில்: சொத்து வரி ரசீது. ஒரு வரி மட்டும் பெரிதாகிறது.]

உங்கள் வீட்டுச் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதற்குள் 10 சதவீதம் நூலக வரி என்று ஒன்று இருக்கும். வருஷா வருஷம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தக் காசில் நமக்கு ஒரு ஆள் கிடைக்கிறார். இந்த மே மாதம் உங்களுக்கும் உங்கள் பிள்ளைக்கும் எந்தப் புத்தகம் பிடிக்கும் என்று சொல்லக்கூடிய ஆள். நம்மில் பெரும்பாலானோர் அவரிடம் போய் ஒரு வார்த்தை பேசியதே கிடையாது. உங்கள் ஊர் நூலகரைத்தான் சொல்கிறேன்.

வணக்கம் நண்பர்களே. கோடை வந்தால் புத்தகப் பட்டியல்கள் வரிசை கட்டி வரும். "கட்டாயம் படிக்க வேண்டிய 50 புத்தகங்கள்" மாதிரி. அதைப் போட்டவருக்கு உங்களைத் தெரியாது. நூலகருக்குத் தெரியும். எப்படி என்று கேட்டால், அங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இருக்கிறது.

[திரையில்: பழைய நூலகப் புத்தகத்தின் கடைசிப் பக்கம்.]

இந்தத் தாளைப் பாருங்கள். புத்தகத்தைத் திருப்பித் தரவேண்டிய தேதியை முத்திரை குத்தும் தாள். இப்போது பல நூலகங்களில் கணினி வந்துவிட்டது, ஆனாலும் பழைய புத்தகங்களில் இது அப்படியே இருக்கும். ஊதா மையில் தேதிக்குக் கீழே தேதி. ஒரு பக்கம் நிரம்பி, அதன் மேலேயே இன்னொரு தாள் ஒட்டியிருந்தால், அது ஊரே வாங்கிப் படித்த புத்தகம். தேதிகள் நெருக்கமாக விழுந்திருந்தால் ஒருவர் கொடுத்ததும் அடுத்தவர் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். மே, ஜூன் தேதிகளாகவே இருந்தால் அது பிள்ளைகள் லீவில் தேடி வரும் புத்தகம். பல வருஷ இடைவெளி விட்டு இரண்டே முத்திரை இருந்தால்? அதைப் படித்த அந்த இரண்டு பேர் யார் என்று எனக்கு உடனே தெரிந்தாக வேண்டும்!

இதையெல்லாம் தினமும் கையில் பிடித்துப் பார்ப்பவர் நூலகர். எந்தப் புத்தகத்தின் முதுகு பிய்ந்து பைண்டிங்குக்குப் போகிறது, எது மறுநாளே திரும்பி வருகிறது, யார் எதைக் கேட்டு ஏமாந்து போனார் எல்லாம் அவர் நினைவில் இருக்கும். எந்த விமர்சகருக்கும் இந்த வசதி கிடையாது.

சரி, வரலாறு ரெண்டு வரியில். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். உலகம் முழுக்க நூலகவியல் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

அந்த ஐந்தில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். அதாவது அலமாரியில் கிடக்கும் புத்தகத்துக்கும் ஒரு உரிமை உண்டு, அதற்கு ஆள் தேடிக் கொடுப்பது நூலகரின் வேலை என்கிறார். சிபாரிசு செய்வது போனால் போகிறது என்று செய்யும் உதவி கிடையாது, அது அவருடைய தொழிலின் அடிப்படை. அதனால் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

அதே 1931, அக்டோபர் மாதம். மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் எஸ்.வி. கனகசபை என்பவர் ஒரு மாட்டு வண்டியை நூலகமாக மாற்றுகிறார். தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். சக்கரம் வைத்த நூலகம், சுற்றுவட்டக் கிராமங்களுக்கு மாடு இழுத்துக்கொண்டு போகிறது! கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வண்டியில் எத்தனை புத்தகம் ஏற்ற முடியும்? அடுத்த ஊரில் யார் என்ன படிப்பார்கள் என்று தெரிந்தால்தானே எதை ஏற்றுவது, எதை விடுவது என்று முடிவு செய்ய முடியும்? என்னைக் கேட்டால், தமிழ்நாட்டில் நூலகர் போட்ட முதல் தரமான வாசிப்புப் பட்டியல் அந்த வண்டிக்குள்தான் இருந்திருக்கும்.

இப்போது நீங்கள் எப்படிக் கேட்க வேண்டும்? "நல்ல புத்தகம் இருக்கா சார்?" என்று கேட்டால் அவர் பாவம் என்ன சொல்வார். கடைசியாக உங்களுக்குப் பிடித்தது எது, எது பாதியில் நின்றது, இந்த இரண்டையும் சொல்லுங்கள். "அக்கா, பொன்னியின் செல்வன் அஞ்சு பாகமும் முடிச்சிட்டேன். அடுத்து?" இப்படிக் கேட்டால் உடனே வழி திறக்கும். அருள்மொழிவர்மன் மன்னனாக முடிசூடும் முன்பே கல்கி கதையை முடித்துவிடுவார். அவன் மகன் ராஜேந்திரனின் காலத்துக்குப் போக வேண்டுமா, அகிலனின் வேங்கையின் மைந்தன். 1963இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கிய நாவல். இதில் எது நிஜம், எது கற்பனை என்று மண்டை குடைகிறதா? தி.வை. சதாசிவப் பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரத்தை எடுங்கள். கல்வெட்டுகளை ஆதாரம் காட்டி எழுதிய வரலாறு. நாவலில் தொடங்கியவர் கல்வெட்டில் வந்து நிற்பார். நல்ல நூலகர் கைகாட்டும் முறை இதுதான், பிடித்த ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குக் கூட்டிப் போவது.

லீவில் எங்கேயும் போக முடியவில்லையா? என் சொந்தச் சிபாரிசு ஏ.கே. செட்டியார். காந்தி பற்றிய ஆவணப்படத்துக்காகக் கண்டம் கண்டமாக அலைந்து படச்சுருள் சேகரித்து, 1940இல் அதை வெளியிட்டவர். அவர் பயணக் கட்டுரைகளில் வாக்கியம் சின்னது, அலட்டல் துளியும் இருக்காது. பத்தாவது படிக்கும் தம்பி தங்கைகள்கூட ஒரே மூச்சில் படிக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு வாண்டுமாமா. அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையை நூலகத்துக்குக் கூட்டிப் போனால், நூலகரிடம் பிள்ளையே பேசட்டும். "இவனுக்கு ஜெனரல் நாலெட்ஜ் புக்கா கொடுங்க" என்று நீங்கள் முந்திக்கொண்டால் அவன் வாயைத் திறக்கவே மாட்டான். பேய்க்கதைதான் வேண்டும் என்றால் பேய்க்கதையே எடுக்கட்டும். ஆசைப்பட்டு எடுத்த புத்தகத்தைத்தான் பிள்ளை கடைசிப் பக்கம் வரை படிக்கும்.

உறுப்பினராவது சுலபம். சிறிய காப்புத்தொகை, ஆண்டுச் சந்தா, முகவரிச் சான்று, அவ்வளவுதான். விவரம் அந்தந்த நூலகத்திலேயே சொல்வார்கள். தமிழ்நாட்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன, பக்கத்தில் ஒன்று நிச்சயம் இருக்கும். மதுரைக்காரர்கள் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பகுதியைப் பார்த்துவிடுங்கள். சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கவே இருக்கிறது.

உங்கள் நூலகர் எடுத்துக் கொடுத்து, நீங்கள் ராத்திரி தூங்காமல் படித்த புத்தகம் எது? புத்தகப் பெயரையும் ஊர்ப் பெயரையும் கமென்டில் போடுங்கள், எல்லாவற்றையும் தொகுத்து அடுத்த வீடியோவில் வாசிக்கிறேன். அப்புறம், கிளம்பும் முன் கிழமையைப் பாருங்கள். பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை.