ஈரலும் ஈரக்குலையும்

நேயர்களுக்கு வணக்கம். "அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஈரக்குலையே நடுங்கிப்போச்சு" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது என்ன ஈரக்குலை? ஈரற்குலை என்ற சொல்தான் பேச்சில் அப்படித் தேய்ந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைக்குப் போய்ப் பாருங்கள். உரித்த ஆட்டின் மூச்சுக்குழாயைப் பிடித்துக் கடைக்காரர் இழுப்பார். நுரையீரல், இதயம், கல்லீரல் என்று எல்லாம் பிணைந்தபடி சேர்ந்தே வரும். கொக்கியில் மாட்டினால் வாழைக்குலை மாதிரி தொங்கும். குலை என்ற பெயர் எவ்வளவு பொருத்தம் என்று அப்போது தெரியும்.

ஆங்கிலத்தில் லிவர், லங்ஸ், ஸ்பிளீன் என்பவை ஒட்டுறவில்லாத மூன்று பெயர்கள். தமிழில் மூன்றுமே ஈரல்தான்; முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்துப் பிரித்துக்கொள்கிறோம். நுரையீரலை அறுத்துப் பிழிந்தால் உண்மையிலேயே நுரை வரும். தண்ணீரில் போட்டால் மிதக்கும். அத்தனையும் காற்று. கல்லீரலோ கைக்குக் கனமாக, கெட்டியாக இருக்கும். வளர்ந்த மனிதருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. அதற்கு எதிர்ப்பக்கம், இடது விலா எலும்புகளுக்குக் கீழே, மெத்தென்று கைப்பிடி அளவில் மண்ணீரல். பழைய சிவப்பணுக்களை ரத்தத்திலிருந்து அகற்றுவது அதன் முக்கிய வேலை.

மண்ணீரல் என்றால் பலருக்கும் பிடிபடுவதில்லை. நான் வார்டில் வேலை பார்த்த நாட்களில் ஒரு பாட்டிக்கு அது வீங்கியிருந்தது. பயிற்சி மருத்துவர் "ஸ்பிளீன் பெருசா இருக்கு" என்றார். பாட்டி என் முகத்தைப் பார்த்தார். நான் மண்ணீரல் என்று சொல்லியும் பலனில்லை. அப்புறம்தான் கறிக்கடைப் பெயர் நினைவுக்கு வந்தது. "சுவரொட்டி, பாட்டி" என்றேன்.

பாட்டியின் முகம் தெளிந்தது. "அட, சுவரொட்டியா! மக பிள்ளை பெத்தப்ப ரத்தம் ஊறட்டும்னு அதைத்தானே சுட்டுக் கொடுத்தேன். செவுத்துல அடிச்சா அப்படியே ஒட்டிக்குமே" என்று சொல்லிவிட்டு, தன் இடது விலாவுக்குக் கீழே கையை வைத்தார். "இங்கதானே டாக்டரம்மா?"

சரியாக அங்கேதான் வைத்திருந்தார். அதுவரை வாயே திறக்காதவர், அதன் பிறகு தன் நோயைப் பற்றி அரை மணி நேரம் கேள்வி கேட்டார்.