ராணுவம் இல்லாத நாட்டுல பாதுகாப்பு ஆராய்ச்சியா?

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் இந்தியப் பெருங்கடல் பாதுகாப்பு பத்தி பிஎச்டி பண்றேன்னு சொன்னதும் எங்க சித்தப்பா கேட்ட முதல் கேள்வி, "ஏம்ப்பா, மொரிஷியஸ்ல ராணுவமே கிடையாதே, நீ எத போய் ஆராயப் போற?" நியாயமான கேள்விதான். போலீஸ், அதுக்குள்ளயே ஸ்பெஷல் மொபைல் ஃபோர்ஸ், கோஸ்ட் கார்ட், நம்மகிட்ட இருக்கறது அவ்வளவுதான்.

ஆனா கடல் கணக்க பாருங்க. தீவு சுமார் 2,000 சதுர கிலோமீட்டர், நமக்கு உரிமையுள்ள கடலோ கிட்டத்தட்ட 23 லட்சம் சதுர கிலோமீட்டர், இத காவல் காக்க 2015ல வந்த பாரகுடா கப்பலே கொல்கத்தால கட்டினதுதான். 2020 ஜூலைல வகாஷியோ கப்பல் புவாந்த் டெஸ்னி பவளப்பாறைல ஏறி நின்னுச்சே, சுமார் 1,000 டன் எண்ணெய் கடல்ல கொட்டுச்சு, மாஹேபூர்ல சனங்க கரும்புத் தோகைய துணிக்குள்ள திணிச்சு தச்சு மிதக்கவிட்டு எண்ணெய தடுத்தாங்க. அது சுற்றுச்சூழல் விவகாரம்னு சில பேராசிரியர்கள் ஒதுக்கிடுவாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். மீன்பிடிக்கறவனுக்கு தொழில் போச்சுன்னா அத விட பெரிய பாதுகாப்பு பிரச்சன என்ன இருக்கு?

எங்க துறைல ஒரு கோட்பாடு உண்டு, ஆபத்து பக்கத்துலேருந்துதான் சுலபமா வரும், அதனால பக்கத்து நாடுகளோட பாதுகாப்பு ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கெடக்கும்னு. நமக்கு இது பாதிதான் பொருந்துது. பிரான்ஸோட ரெயூனியன் தீவு பக்கத்துல இருக்கு, சரி, ஆனா அதுக்கும் முடிவெடுக்கறது பாரிஸ். மத்த முடிவெல்லாம் டெல்லி, லண்டன், வாஷிங்டன்னு எங்கெங்கயோ எடுக்கறாங்க.

சாகோஸ் கதை அப்படித்தான. 1965ல பிரிட்டன் அந்தத் தீவுகள நம்மகிட்டேருந்து பிரிச்சுது, நமக்கு சுதந்திரமே 1968லதான், அப்புறம் 1973க்குள்ள அங்க இருந்த சனங்கள கப்பல்ல ஏத்தி இங்கயும் செஷல்ஸ்லயும் எறக்கி விட்டுட்டாங்க. 2019ல சர்வதேச நீதிமன்றம் பிரிச்சது சட்டப்படி சரியில்லன்னு கருத்து சொல்லுச்சு, ஐநா சபைல 116 நாடு நம்ம பக்கம் ஓட்டு போட்டுச்சு. 2025 மே 22ல கையெழுத்தான ஒப்பந்தம் சொல்றது, தீவுகள் நம்முது, ஆனா அதுல ஒண்ணான டியாகோ கார்சியாவுல இருக்கற பிரிட்டன்-அமெரிக்க ராணுவத் தளம் 99 வருஷத்துக்கு பிரிட்டன் கையில, அந்த ஒரு தீவுல மட்டும் பழைய சனங்க போய் குடியேற முடியாது. அங்கயே பொறந்தவங்களுக்கு இத எப்படி சொல்றது!

நம்ம நாட்டுக்கே சொந்தமான அகலேகா தீவு இன்னொண்ணு. சுமார் 300 பேர், தென்னந்தோப்பு, இப்ப இந்தியா கட்டிக் குடுத்த 3 கிலோமீட்டர் ரன்வே, 2024 பிப்ரவரில திறந்தாங்க. ராணுவத் தளம் இல்லன்னு ரெண்டு அரசாங்கமும் சொல்லுது. நம்ம ஆளுங்க பல பேருக்கு இந்தியா தாய்வீடு மாதிரி, கேள்வி கேட்டாலே முகம் சுருங்குது. எனக்கும் பாசம் உண்டுங்க, ஆனா யார் கட்டிக் குடுத்தாலும், தளத்த யாரு எப்போ எதுக்கு பயன்படுத்தலாம்னு எழுதின காகிதத்த பார்லிமென்ட் மேசைல வைக்கணும், லண்டன்கிட்ட ஒரு நியாயம் டெல்லிகிட்ட ஒரு நியாயம்னு பேசிட்டு இருக்க முடியாது.

என் ஆய்வுல காகிதம் நெறைய இருக்கு, மனுஷங்கதான் கம்மி. காசிஸ், ரோஷ் புவா பக்கம் இருக்கற சாகோஸ் பெரியவங்க, அகலேகாவுல வேல பாத்தவங்க, துறைமுகத்துல இருந்தவங்க யாராச்சும் கேட்டுட்டு இருந்தா நிலையத்துல ஒரு வார்த்த சொல்லி வைங்க, கிரியோல்ல பேசினாலும் சரி, தமிழ்ல பேசினாலும் சரி, நான் வந்து உக்காந்து கேக்கறேன்.