கை மரத்துப் போகிறதா? கழுத்தைத் திருகக் கொடுக்கும் முன் எந்த விரல் என்று பாருங்கள்

(திரையில்: திண்ணையில் வரிசையாக உட்கார்ந்து பீடி சுற்றும் கைகள், முகம் காட்டாமல்)

வணக்கம். முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் மடியில் சொளவை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிற அக்காமார், மைனிமாரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் "ராத்திரி கை மதமதன்னு ஆயிருது, உதறுனாத்தான் சரியாவுது" என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். கத்தரியால் இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. குனிந்த தலை நிமிராது, விரலும் ஓயாது. பத்தமடையில் பாய் நெய்கிறவர்களுக்கும் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் தட்டுகிற பிள்ளைகளுக்கும் இதே தொல்லைதான்.

இப்போது போனைத் திறந்தால் ஒருவர் கழுத்தைப் பிடித்து 'டக்'கென்று திருகுகிறார், படுத்திருப்பவர் எழுந்து "கை மரப்பு போயிட்டு" என்கிறார். அதுதான் கைரோபிராக்டிக். நாமும் போகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். சிலருக்கு அது ஓரளவு உதவும், பலருக்கு அங்கே வேலையே இல்லை, ஒரு சிலருக்கு ஆபத்து. நீங்கள் இதில் யார் என்பதை உங்கள் விரலே பெரும்பாலும் சொல்லிவிடும்.

கன்னடியன் கால்வாய்ப் பாசனக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். கடைமடை வயலில் தண்ணீர் வரவில்லை என்றால் அந்த வயலைத் தோண்டி என்ன பயன்? அடைப்பு தலைமடையிலா, நடுவிலா, வரப்போரத்திலா என்று நடந்து பார்க்க வேண்டும். விரல் கடைமடை. நரம்பு கழுத்தில் புறப்பட்டு, தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் தாண்டி அங்கே வருகிறது.

(திரையில்: உள்ளங்கைப் படம். கட்டை விரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி மட்டும் நிறம் மாறுகிறது)

இந்த மூன்றரை விரலில் மரப்பு, அதுவும் நடு ராத்திரியில் எழுப்பிவிட்டு, கையை உதறினால் குறைகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மணிக்கட்டை. அங்கே கீழே எலும்பு, மேலே தடித்த நார்ப்பட்டை, நடுவில் இருக்கிற குறுகிய வழியில் ஒன்பது தசைநாண்களோடு மீடியன் என்ற நரம்பும் போகிறது. வேலையால் நாண்களைச் சுற்றி வீங்கினாலும், கர்ப்ப காலத்தில் நீர் கோத்தாலும், தைராய்டு குறைந்தாலும், சர்க்கரை இருந்தாலும் நசுங்குவது அந்த நரம்புதான். இதற்குப் பெயர் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம். வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம்: இரண்டு புறங்கையையும் ஒட்டி, விரல்கள் கீழே பார்க்கிற மாதிரி ஒரு நிமிஷம் வையுங்கள். இந்த விரல்களில் சுருசுருவென்று ஏறினால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள், அவருக்கு அது பெரிய துப்பு.

சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் மரத்தால் விஷயம் வேறு. இந்த விரல்களுக்கு வருகிற நரம்பு முழங்கையின் உள்பக்கம், இடித்துக்கொண்டால் ஷாக் அடிக்குமே, அந்த இடத்தில் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. கையை மடக்கித் தலைக்கு வைத்துத் தூங்குவது, முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டே இருப்பது எல்லாம் அதை அழுத்தும். இன்னொன்றையும் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். தோலில் உணர்ச்சியில்லாத வெளிறிய படை இருந்து, கூடவே சுண்டுவிரல் பக்கம் மரத்தால் தொழுநோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் அந்தக் கிருமி அடிக்கடி தாக்குகிற நரம்பு இதுதான். ஆறு மாதமோ ஒரு வருஷமோ மாத்திரை, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், குணமாகிவிடும். இதை விட்டுவிட்டுக் கழுத்தைத் திருகிக்கொண்டிருந்தால் கை மடங்கிப் போகும்.

கழுத்து வலித்து, தலையைத் திருப்பினால் தோளில் இருந்து விரல் வரை மின்னல் மாதிரி இழுத்து, கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால் சுகமாக இருக்கிறது என்றால் அப்போது சந்தேகம் கழுத்து எலும்புகளுக்கு நடுவே இருக்கிற வட்டின்மேல் (டிஸ்க்) போகும். இரண்டு காலிலும் முதலில் எரிச்சலும் மரப்பும் வந்து அப்புறம் இரண்டு கைக்கும் ஏறினால் சர்க்கரையைப் பாருங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருஷமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 என்ற வைட்டமின் குறையலாம், அதுவும் மரப்பைக் கொண்டுவரும். எந்தத் திருகலாலும் பி12 ஏறாது.

சரி, கைரோபிராக்டிக்குக்கு வருவோம். 1895-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரில் டி. டி. பால்மர் தொடங்கியது. முதுகெலும்பு இடம் மாறுவதால்தான் பெரும்பாலான நோய்கள் வருகின்றன என்பது அவர் எண்ணம், இன்றைய மருத்துவம் அதை ஏற்பதில்லை. அந்த 'டக்' சத்தம் எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் என்று நினைக்கிறோம். மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாகிற சத்தம்தான் அது, விரலில் சொடக்கு எடுத்தாலும் அதே சங்கதி. சத்தம் கேட்டதால் நரம்பு விடுபட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

ஆனாலும் இறுகிப்போன கழுத்துக்கு, மெதுவாக அசைத்துக் கொடுக்கிற சிகிச்சை உடற்பயிற்சியோடு சேரும்போது கொஞ்ச நாளைக்கு வலியைக் குறைக்கலாம், இதை மறுக்க வேண்டியதில்லை. பிசியோதெரபி படித்தவர்களும் இதைச் செய்கிறார்கள். மணிக்கட்டில் நசுங்கின நரம்புக்குக் கழுத்தைத் திருகுவதால் பலன் என்பதற்குத்தான் உறுதியான ஆதாரம் இல்லை. அதற்கு மணிக்கட்டை நேராக வைத்திருக்கிற ஸ்பிளிண்ட்டை ராத்திரி கட்டிக்கொண்டு சில வாரம் தூங்கிப் பாருங்கள், மெடிக்கல் கடையிலேயே கிடைக்கும். நான் முதலில் சொல்வது இதைத்தான், ஏனென்றால் இதற்காகச் சுற்றுகிற வேலையை விட வேண்டியதில்லை, நடுநடுவே கையை நீட்டி ஓய்வு கொடுத்தால் போதும். அதிலும் கேட்காவிட்டால் ஊசி இருக்கிறது.

(திரையில்: கழுத்து எலும்புகளின் ஊடாக மூளைக்கு ஏறும் ரத்தக்குழாய்)

இதைக் கவனமாகக் கேளுங்கள். கழுத்தெலும்பின் துளைகள் வழியாக மூளைக்கு ரத்தக்குழாய் போகிறது. வேகமாகத் திருகும்போது அரிதாக அதன் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையை இரண்டு பக்கமும் 'டக் டக்' என்று திருப்புவார்களே, அதற்கும் இது பொருந்தும். "வேண்டாம் அண்ணாச்சி" என்று சொல்லிவிடுங்கள். எலும்புத் தேய்மானம் முற்றியவர்கள், முடக்குவாதம் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் திருகலுக்கே போக வேண்டாம். கையில் பிடித்த டம்ளர் நழுவுகிறது, ஜாக்கெட் கொக்கி மாட்ட வரவில்லை, நடை தள்ளாடுகிறது, சிறுநீர் கட்டுப்படவில்லை என்றால் தண்டுவடமே நசுங்கியிருக்கலாம். முதலில் எம்.ஆர்.ஐ., அப்புறம்தான் மற்றது.

திடீரென்று ஒரு பக்கக் கை மரத்து, வாய் கோணி, பேச்சு குழறினால் யாரிடமும் யோசனை கேட்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம், மூளை ரத்தக்குழாயை அடைக்கிற ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு, அது தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு.

கைரோபிராக்டருக்கு நம் நாட்டில் டாக்டர்களுக்கு இருப்பது போல ஒரு பதிவு கவுன்சில் இல்லை. அதனால் என்ன படித்தீர்கள், எங்கே படித்தீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. விரலைத் தொட்டுப் பார்க்காமல், கைப்பிடியின் பலத்தைச் சோதிக்காமல், நேரே கழுத்தில் கை வைக்கிறவர் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்கிற சோதனை ஒன்று உண்டு, அடைப்பு எந்த இடம் என்று அதில் தெரிந்துவிடும்.

கடைசியாக, உள்ளங்கையில் கட்டை விரலுக்குக் கீழே இருக்கிற சதை மேட்டை இரண்டு கையிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று குழிந்திருந்தால் ஸ்பிளிண்ட்டோடு காத்திருக்க வேண்டாம். கையை மட்டும் மரக்க வைத்து அந்த நார்ப்பட்டையை வெட்டிவிடுகிற சின்ன அறுவை சிகிச்சைதான், பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். தள்ளிப்போட்டால் மரப்பு குறைந்தாலும் போன சதை முழுசாகத் திரும்பாமல் போகலாம்.