முற்றிய டீ இலையும் வெண்டைக்காய் கொழகொழப்பும்

(காட்சி: வால்பாறை, டீ எஸ்டேட் சரிவு)

வணக்கங்க. வால்பாறையில் கொழுந்து பறிப்பவர்களைக் கேட்டால் இரண்டு இலை, ஒரு மொட்டு என்பார்கள். அதற்குக் கீழே இருக்கும் முற்றிய இலைக்கு மதிப்பில்லை. ஆனால் இன்றைக்கு நாம் பார்க்கப்போகிற பாலிசாக்கரைடு அந்த முற்றிய இலையில்தான் அதிகம், அதுதான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது.

பாலிசாக்கரைடு என்பது சர்க்கரைகள் கோத்த நீளமான சங்கிலி. சோற்றுக் கஞ்சியின் ஸ்டார்ச்சும் அப்படித்தான், ஆனால் அதில் குளுக்கோஸ் மட்டும்தான். டீ இலையில் இருப்பது கலப்பு: அராபினோஸ், காலக்டோஸ், ராம்னோஸ், குளுக்கோஸ் என்ற சர்க்கரைகள், கூடவே காலக்ட்யூரானிக் அமிலம் என்ற அமிலச் சர்க்கரை, பெரும்பாலும் கொஞ்சம் புரதமும் ஒட்டிக்கொண்டு வரும். செல் சுவரில் உள்ள பெக்டின் என்ற பாலிசாக்கரைடுதான் இதில் பெரும்பங்கு. அதன் சங்கிலியில் சில இடங்களில் காலக்ட்யூரானிக் அமிலம் மட்டும் வரிசையாக நிற்கும், சில இடங்களில் அதுவும் ராம்னோஸும் மாறி மாறி வரும், அந்த ராம்னோஸிலிருந்துதான் அராபினோஸும் காலக்டோஸும் கிளை விடும்.

பிரித்தெடுப்பது எளிது. வெந்நீரில் இறக்கிய சாற்றைச் சுண்டவைத்து எத்தனால் (ஆல்கஹால்) ஊற்றினால் திரண்டு அடியில் படியும்.

(காட்சி: வாணலியில் வெண்டைக்காய்)

சரி, தண்ணீரில் இந்தப் பெக்டின் எப்படி நடந்துகொள்ளும்? அதிலுள்ள காலக்ட்யூரானிக் அமிலத்தின் கார்பாக்சில் தொகுதிகள் (அமிலத்தன்மை தரும் பகுதிகள்), பிஹெச் (புளிப்பின் அளவு; எண் கூடக் கூடப் புளிப்பு குறையும்) சுமார் 3.5ஐத் தாண்டத் தாண்ட, எதிர்மின்சுமை ஏற்கும். ஒரே சுமை ஒன்றையொன்று தள்ளுவதால் சங்கிலி சுருண்டு கிடக்காமல் விரியும், விரிந்த சங்கிலி நிறைய தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், கரைசல் கெட்டியாகும். உப்புப் போட்டால் சோடியம் அந்தச் சுமையை மறைத்துவிடும், சங்கிலி சுருங்கும், பாகுத்தன்மை, அதாவது கெட்டித்தன்மை, இறங்கும். வெண்டைக்காயின் கொழகொழப்பும் இதே பெக்டின் குடும்பம்தான். வதக்கும்போது அம்மா மோரோ புளித்தண்ணீரோ தெளிப்பார்களே, அந்தப் புளிப்பு சுமையைக் குறைத்துவிடுகிறது, கொழகொழப்பு அடங்குகிறது. இதைப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்படியானால் நாம் குடிக்கும் டீ ஏன் கொழகொழவென்று இல்லை? மூன்று நான்கு நிமிடக் கொதியில் இறங்குவது கொஞ்சம்தான், சங்கிலிகள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக மிதக்கும். செறிவைக் கூட்டினால் பின்னிக்கொள்ளும், அப்புறம் வேகமாகக் கலக்கினால் ஓட்டத்தின் திசையில் நீண்டு கரைசல் இளகும்.

கால்சியம் மட்டும் தனி ரகம். இரட்டை நேர்மின்சுமை உள்ளதால் இரண்டு சங்கிலிகளுக்கு நடுவே உட்கார்ந்து பிணைத்துவிடும். 1973இல் இந்த அமைப்புக்கு ‘முட்டைப்பெட்டி மாடல்’ என்று பெயர் வைத்தார்கள். அதனால் உப்பு கொழகொழப்பை இறக்குவதை வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் நம்ம ஊர் போர் தண்ணீரை எடுக்காதீர்கள், அதில் கால்சியம் ஏராளம். கொழகொழப்பைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு பங்கு, அதே தண்ணீரில் உப்புக் கரைத்ததில் ஒரு பங்கு என்று கலந்து, எது கெட்டி என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.