"சேர், நான் எத்தினையாவதா வந்தனான்?"

(கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமமொன்றின் சனசமூக நிலையக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, முன்வரிசையில் பிள்ளைகளை மடியில் வைத்திருக்கும் தாய்மாரே, விளையாட்டுக் கழகத்துத் தம்பி தங்கச்சிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவுக்கு இன்னும் 7 கிழமை இருக்கிறது. இந்த முறை விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கும் ஏதாவது செய்ய வேண்டும், அதைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டார்கள். என்னிடம் ஒரு பிள்ளை கேட்ட கேள்வியில் இருந்து தொடங்குகிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு விளையாட்டு விழா. எங்கே, யார் நடத்தியது என்பது வேண்டாம். இந்தப் பிள்ளைகளுக்கென்று ஓர் ஓட்டம் வைத்தோம். 11 பேர். ஒருவருக்குக் கண் தெரியாது. ஒருவர் ஊன்றுகோலில். ஒரு பையனுக்குக் காது மட்டும்தான் கேட்காது, ஓடினால் மான் மாதிரி. எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தி விசில் ஊதினோம். அந்தப் பையனுக்கு விசில் கேட்கவில்லை. மற்றவர்கள் ஓடுவதைக் கண்ட பிறகே ஓடத் தொடங்கினான், அப்படியும் முதலாவதாக வந்தான். முடிவில் 11 பேருக்கும் ஒரே மாதிரிச் சாப்பாட்டுப் பெட்டி, ஒரே மாதிரிக் கைதட்டல். எல்லோரும் வெற்றியாளர்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பலர் கண் கலங்கினார்கள்.

ஒரு காலை இழுத்து நடக்கும் சின்னப் பெண், 7 வயதிருக்கும், பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி வந்து என் சேட்டைப் பிடித்து இழுத்தாள். "சேர், நான் எத்தினையாவதா வந்தனான்?"

எனக்குத் தெரியாது. முடிவுக்கோட்டில் நின்ற நடுவர் நான்தான். எல்லோருக்கும் ஒரே பரிசு என்று தீர்மானித்த பிறகு வரிசையைப் பார்ப்பானேன் என்று இருந்துவிட்டேன். "நல்லா ஓடினனீங்கள் பிள்ளை" என்று தலையைத் தடவினேன். அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய்விட்டாள். அவள் உயிரைக் கொடுத்து ஓடியிருந்தாள். அதைக் கவனிக்கத்தான் என்னை அங்கே நிறுத்தியிருந்தார்கள்.

விழா முடிந்து வீட்டுக்குப் போகிற பிள்ளையின் மனதில் நிற்பது பெட்டி இல்லை. என்னைப் பார்த்தார்கள், எனக்கு நேரம் எடுத்தார்கள், போன முறையைவிட 2 செக்கன் குறைத்திருக்கிறேன் என்ற நினைப்புத்தான் அடுத்த நாள் பள்ளிக்கூடப் படலையைத் தாண்டும் துணிவைத் தரும். இரக்கத்தால் கொடுத்த பரிசைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

"தோத்துப்போனா அழுவான் சேர்" என்று அம்மாமார் சொல்கிறீர்கள். சரி, அழட்டும். மற்றப் பிள்ளை தோற்று அழுதால் என்ன செய்கிறோம்? தண்ணீர் கொடுத்து, அடுத்த முறை பார்ப்பம் என்கிறோம். இந்தப் பிள்ளைக்கும் அதையே சொல்லுங்கள். ஆனால் போட்டி நியாயமாக இருக்க வேண்டும். அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்காக 1968இல் சிக்காகோவில் தொடங்கிய ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் விளையாட்டுகளில் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். முதலில் ஒரு சோதனை ஓட்டம். அதில் நேரம் எடுத்து, கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் ஓடுபவர்களை ஒரு பிரிவாக்குகிறார்கள். யாருக்கு என்ன குறை என்பதைவிட யாரால் எவ்வளவு முடிகிறது என்பதே கணக்கு. ஒரு ஸ்டொப் வாட்சும் ஒரு கொப்பியும் இருந்தால் எங்கள் மைதானத்திலும் செய்யலாம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான இன்னொரு பெரிய விளையாட்டு விழாவான பராலிம்பிக்கின் வேர் போரில் இருக்கிறது என்பது உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். லுட்விக் குட்மன் என்ற யூத வைத்தியர் நாசிகளிடம் இருந்து தப்பி 1939இல் ஜெர்மனியை விட்டு இங்கிலாந்துக்கு வந்தார். 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், முள்ளந்தண்டில் அடிபட்டவர்களுக்கான பிரிவை அவரிடம் ஒப்படைத்தார்கள். அந்தக் காலத்தில் அப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலானோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் கட்டிலிலேயே இறந்துபோவார்கள். குட்மன் அவர்களை எழுப்பி உட்காரவைத்தார். பந்தும் வில்லும் கொடுத்தார். 1948 யூலை 29ஆம் திகதி, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், அந்த மருத்துவமனை வளவில் 16 பேர் சக்கர நாற்காலியில் இருந்தபடி வில்வித்தைப் போட்டியில் இறங்கினார்கள். பராலிம்பிக்கின் தொடக்கம் அதுதான்.

2009ஐக் கடந்து வந்த வன்னிக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. செயற்கைக் காலோடும் சக்கர நாற்காலியோடும் இருப்பவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். பிறந்ததில் இருந்து நடக்காத ஒரு பிள்ளைக்கு, செம்மண் ஒழுங்கையில் முன்சக்கரத்தைத் தூக்கிப் பள்ளத்தைக் கடக்கத் தெரிந்த ஒரு மாமாவைவிட நல்ல பயிற்றுநர் எங்கே கிடைப்பார்? இவ்வளவு காலமும் அந்த மாமாவை உதவிப் பொருள் வாங்கத்தான் மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறோம். இந்த முறை விசிலை அவரிடம் கொடுப்போம்.

போட்டிகளுக்கு வருகிறேன். புதிதாக ஒன்றும் தேட வேண்டாம். கண்ணைக் கட்டி முட்டி உடைக்கிறோம், யானைக்குக் கண் வைக்கிறோம். கண் தெரியாத பிள்ளையை இவற்றுக்கு ஒரு நாளாவது கூப்பிட்டோமா? அதுக்குத்தான் கண் தெரியாதே என்று விட்டுவிடுகிறோம். துணியைக் கட்டின பிறகு எல்லோருக்கும்தான் தெரியாது! கட்டினவன் தடுமாறுவான். குரல் வரும் திசையைப் பிடித்து நடப்பது அந்தப் பிள்ளைக்கு அன்றாடப் பழக்கம். போரில் பார்வை இழந்தவர்களுக்காக 1946இல் உருவான கோல்போல் விளையாட்டிலும் இதே முறைதான். பந்துக்குள் மணி இருக்கும், ஆடுகிற எல்லோருக்கும் கண் கட்டியிருக்கும்.

காது கேளாத பிள்ளைகள் ஓடும்போது விசிலோடு கொடியையும் அசையுங்கள். அவர்களுக்குக் கைதட்டுவதென்றால் இரண்டு கையையும் உயர்த்தி விரல்களை அசைக்க வேண்டும். இதை இன்றைக்கே பழகலாம்.

கை கால் அசைக்கக் கடினமான பிள்ளைகளுக்குப் பொச்சியா. 1984 முதல் பராலிம்பிக்கில் இருக்கிறது. ஒரு வெள்ளைப் பந்து, ஒரு பக்கத்துக்கு 6 சிவப்பு, மறுபக்கத்துக்கு 6 நீலம். வெள்ளைப் பந்துக்குக் கிட்டப் போடுகிறவர் வெற்றி. எறிய முடியாதவர் சரிவான தாங்கியில் வைத்து உருட்டலாம். தையல்கடை வெட்டுத்துணியில் மணலைக் கட்டினால் பந்து. உருட்ட வேண்டியவருக்கு மட்டும் பழைய ரெனிஸ் பந்தும், பாதியாகப் பிளந்த ஒரு பிவிசி குழாயும் போதும். மூளைவாதம் உள்ள பிள்ளை, எங்கே போடுவதென்று தானே தீர்மானித்து, எதிராளியின் பந்தை இடித்துத் தள்ளும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அது வரைக்கும் அந்தப் பிள்ளைக்காக எல்லாவற்றையும் வேறு யாரோதான் தீர்மானித்திருப்பார்கள்.

ஒலிபெருக்கி பிடிக்கும் தம்பிக்கு ஒரு வார்த்தை. "பாவம்" என்ற சொல் அன்றைக்கு வாயில் வரக்கூடாது. பெயர், வட்டாரம், நேரம், இடம், மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்வது போலவே. சத்தத்தையும் குறையுங்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு அந்தச் சத்தம் அடி விழுவது போல இருக்கும். வேப்பமரத்தடியில் பாயும் தண்ணீரும் வைத்து ஒதுங்கியிருக்க ஓர் இடம் வேண்டும்.

விருந்தினருக்காகப் பிள்ளைகளை வெயிலில் காக்கவைக்கக் கூடாது. 2 மணித்தியாலம் அப்படிக் காக்கவைத்த விழாவொன்றில், வலிப்பு வந்த ஒரு பிள்ளையை நான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். சித்திரை வெயில் தெரியும்தானே. காலை 7 மணிக்குத் தொடங்கி 10 மணிக்கு முடிப்போம். வருகிறவர் வரும்போது வரட்டும்.

மலசலகூடத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், நான் பேசுகிறேன். சக்கர நாற்காலி நுழையாத மலசலகூடம் என்றால் அந்தப் பெண்பிள்ளை காலையில் இருந்து தண்ணீர் குடிக்காமல் வருவாள். வாசலை அகட்டி ஒரு கைபிடி போடுவது ஒரு மேசனுக்கு அரைநாள் வேலை.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு சமமாக விளையாட வாய்ப்புத் தர வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை சொல்கிறது. இலங்கை அதை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. ஆகவே கழகத் தம்பிமாரே, இதை நீங்கள் செய்யும் தருமமாக நினைக்க வேண்டாம். அவர்களுக்குரியதைக் கொடுக்கிறீர்கள். விழாக் குழுவிலும் அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக மேடை. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளச் சரிவுப் பாதை இருந்தால்தான் சக்கர நாற்காலியில் இருப்பவர் யாரும் தள்ளாமல் தானே ஏறலாம். எங்கள் மேடை 2 அடி. 24 அடிக்குப் பலகை வேண்டும். வயல் கொட்டிலில் பலகை கிடக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் 4 மணிக்கு லான்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்கு வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், அன்றைக்கே சோதனை ஓட்டத்தைத் தொடங்கலாம். ஸ்டொப் வாட்ச் என்னிடம் இருக்கிறது. முடிவுக்கோட்டில் நான் நிற்கிறேன்.