கோபம் தலைக்கேறும் முன்பே பிடிப்பது எப்படி?

[திரையில்: பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பு, மாலை நெரிசல்]

வணக்கம். கோபத்தை எப்படி அடக்குவது, நாக்கை எப்படிக் கட்டுவது, போனை எப்படிக் கீழே வைப்பது என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் கத்தி முடித்த பிறகு, தட்டு காலியான பிறகு, ராத்திரி ஒரு மணி ஆன பிறகுதான் கேட்கிறார்கள். அதற்கு முன்னாலேயே உடம்பில் ஏதோ தொடங்கியிருக்கும். அதைக் கவனிக்கப் பழகுவது பற்றித்தான் இந்த வீடியோ.

பெங்களூரில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். சிக்னலில் நிற்கிறீர்கள், பின்னால் ஒருவர் விடாமல் ஹாரன் அடிக்கிறார். முதலில் தாடை இறுகும், அப்புறம் ஸ்டியரிங்கில் விரல்கள் இறுகும், மூச்சு மேலோட்டமாகும், ‘இவனுக்கு மட்டும் என்ன அவசரம்’ என்று மனசுக்குள் ஓடும், அதெல்லாம் ஆன பிறகுதான் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கத்துவது. அந்தக் கடைசிக் கட்டத்தில் நிறுத்த யாராலும் சுலபமாக முடியாது. தாடை இறுகும்போதே ‘எனக்குக் கோபம் வருது’ என்று மனசுக்குள் சொல்லிப் பாருங்கள்.

சொன்னால் என்ன ஆகும்? 2007-இல் கலிபோர்னியாவில் மேத்யூ லீபர்மன் என்ற உளவியலாளரின் குழுவினர், கோபமோ பயமோ தெரியும் முகங்களின் படங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொல்லச் சொன்னார்கள். பெயர் சொன்னபோது, மூளையில் ஆபத்தை உணர்ந்து கிளம்புகிற அமிக்டலா என்ற பகுதியின் வேகம் குறைந்தது.

‘நினைக்கவே கூடாது’ என்று அமுக்குவது வேலைக்கு ஆகாது. 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர், வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சிலரிடம் சொன்னார்; கரடி திரும்பத் திரும்ப வந்தது. அப்புறம் நினைக்கலாம் என்று விட்டதும், ஆரம்பத்திலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்களுக்குத்தான் அதிகமாக வந்தது. விரதம் முடிந்த மறுநாள் நாக்கு ஏன் அப்படி அலைகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

[திரையில்: அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் திருவள்ளுவர் சிலை]

இந்தச் சிலை 18 ஆண்டுகள் மூடியே இருந்து 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது, அதனால் பொறுமையைப் பற்றி இந்த ஊர்த் தமிழர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வள்ளுவர் அடக்கமுடைமை அதிகாரத்தில், 126-ஆவது குறளில், ஐந்து புலன்களையும் ‘ஆமைபோல்’ அடக்கச் சொல்கிறார். ஆமை காலை வெட்டிக்கொள்வதில்லை. ஆபத்து தெரிந்தால் உள்ளே இழுக்கும், போனதும் நீட்டி நடக்கும். ஆக, ருசியும் வாசனையும் நமக்கு எதிரி இல்லை, காலையில் ஒரு நல்ல காபியை ரசித்துக் குடியுங்கள். எப்போது உள்ளே இழுப்பது என்று தெரிந்தால் போதும், அது தெரிய முதலில் கவனிக்க வேண்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த இடம்தான்.

ஆசைக்கும் இதேதான். போதைச் சிகிச்சையில் ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் கற்றுக்கொடுத்த முறை: ஆசையோடு சண்டை போடாதீர்கள், அதற்குப் பணியவும் வேண்டாம். நெஞ்சிலா, தொண்டையிலா, கையிலா, எங்கே இருக்கிறது, கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். ஏறும், உச்சத்துக்குப் போகும், இறங்கும். இன்று ராத்திரி கை தானாகப் போனுக்குப் போகும்போது இதைச் செய்து பாருங்கள். போனை எடுத்தாலும் பரவாயில்லை, எடுக்கும் முன் மனசில் என்ன இருந்தது, சலிப்பா, தனிமையா, தெரிந்துகொண்டு எடுங்கள்.

சரி, கவனித்தும் கட்டுக்குள் வரவில்லை என்றால்? பெங்களூர் ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவமனை இருக்கிறது. போன், கேம் பழக்கத்துக்கென்றே 2014-இல் அங்கே ‘ஷட்’ என்ற கிளினிக் தொடங்கினார்கள், குடிப்பழக்கத்துக்குத் தனிப் பிரிவும் உண்டு. தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் மட்டும் இந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத் தானாகத் திடீரென்று நிறுத்திவிட வேண்டாம். வலிப்பு வரலாம், டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.