குடித்த கை யாருடையது?

நடுவர் அவர்களே, இந்தத் திருகோணமலை மண்டபம் நிறைய வந்திருக்கும் பெரியோரே, பிள்ளைகளே, வணக்கம்.

ஊக்கமருந்துச் சோதனையில் அகப்பட்ட ஓட்டவீரரின் வீழ்ச்சிக்குப் பெரிதும் பொறுப்பு வீரரா, சுற்றியிருப்போரா? வீரரே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தங்கச்சி உருக்கமாகப் பேசினார். அமெரிக்க ஓட்டவீராங்கனை மரியன் ஜோன்ஸ், பயிற்றுநர் தந்ததை ஆளிவிதை எண்ணெய் என்றே நம்பினாராம். தங்கச்சி, 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அந்த 200 மீற்றர் ஓட்டத்தை ரீவியில் பார்த்தவன் நான். முதலாவது ஜோன்ஸ். மூன்றாவது யார்? எங்கள் இலங்கையின் சுசந்திகா ஜயசிங்க! 22.28 செக்கன். இரண்டாவது வந்த பஹாமாஸ் வீராங்கனைக்கு 22.27. நூறில் ஒரு பங்கு செக்கன்தான் இடைவெளி. ஊக்கமருந்து எடுத்ததை ஜோன்ஸ் ஒப்புக்கொண்டது 2007 இல். ஜோன்ஸின் பதக்கம் பறிபோய், சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியானது 2009 இல். அந்த மேடையில் இரண்டாம் இடத்தில் நிற்க வேண்டியவர் மூன்றாம் இடத்தில் நின்றாரே, அந்த நாளை யார் திருப்பித் தருவது?

சுசந்திகா மீதும் 1998 இல் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு வந்தது. பின்னர் விடுவிக்கப்பட்டார். ஆக, குற்றமற்றவருக்கு வழி அடைபடவில்லை.

டோக்கியோ ஒலிம்பிக் அஞ்சலோட்டத்தையும் பாருங்கள். பிரித்தானிய அணிக்கு 4×100 மீற்றரில் வெள்ளி. உஜா என்ற வீரரின் மாதிரியில் தடைசெய்த பொருள். கலப்படமான ஊட்டச்சத்துப் பொருளால் வந்தது, வேண்டுமென்று எடுக்கவில்லை என்று விசாரித்தவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அப்படியும் 22 மாதத் தடை. கூட ஓடிய மூவரின் பதக்கமும் போயிற்று. அந்த மூவர் என்ன குடித்தார்கள்?

மருந்து கொடுக்கும் பயிற்றுநரைத் தண்டியுங்கள், கடுமையாகத் தண்டியுங்கள். நான் மறிக்கவில்லை. ஆனால் வாயைத் திறந்தது யார்?

போன மாதம் மெக்கெய்சர் மைதானத்தில் ஒரு பெடியன் போத்தலில் வெள்ளை மாவைக் கலக்கிக்கொண்டிருந்தான். உதட்டோரம் மாவு.

"என்ன தம்பி இது?"

"தெரியாது அண்ணா, ஜிம்மில ஒருத்தர் தந்தார்."

அவன் காலில் புது ஸ்பைக்ஸ் சப்பாத்து. அதை வாங்க மூன்று கடை ஏறி இறங்கி, அடியைத் தடவி, ஆணியை எண்ணி, பேரம் பேசினவன் அவன்! காலுக்குப் போடுவதற்கு அவ்வளவு விசாரணை. உடம்புக்குள் போவதற்கு ஒரு கேள்வி இல்லை.

அதையே அவனிடம் கேட்டேன். மாவு ரின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். லேபல் பாதி கிழிந்திருந்தது. போத்தலைப் புல்லில் கவிழ்த்துவிட்டு ஓடப் போனான். கவிழ்த்ததும் அவன் கைதான், நடுவர் அவர்களே.

நன்றி, வணக்கம்.